உன் முதுகின் அளவு

தொக்மோக்,
ஆகஸ்ட் கடைசி வாரம்.

அன்பு மகள் பெகிமாய்க்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை சைகலும் சுகம். லைப்சிக்கில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பில் எரிச்சலும் வலியும் இல்லாமல் தூங்கி எழுகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு என்ன சமைத்தாய் என்று கேட்டுவிடுகிறேன். அதிலும் நீ போனைப் பிடிக்கிற பிடியில் கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரிவதில்லை. நீ போன நாளிலிருந்து என் பிள்ளை எனக்குக் கழுத்துவரைதான்.

இங்கே வெயில் இன்னும் விடவில்லை, வாய்க்காலில் தண்ணீர் குறைந்துவிட்டது, தக்காளிச் செடிகளுக்கு அப்பாதான் வாளியில் மொண்டு ஊற்றுகிறார். தையல் கூடத்தில் பள்ளிச் சீருடை வேலை முடிந்து இப்போதுதான் மூச்சு விடுகிறோம். சைகலின் கல்யாணம் செப்டம்பர் கடைசியில் என்று முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை நல்ல பையன், அதிகம் பேசமாட்டான், சைகல் இருவருக்கும் சேர்த்துப் பேசிவிடுகிறாள். சீருக்கு மெத்தைகள் தைத்து அடுக்கியதில் உன் பழைய அறையில் ஜன்னல் மறைந்துவிட்டது. உள்ளாடையிலிருந்து தலைமுக்காடு வரை எல்லாவற்றையும் பெற்றவள் கையாலேயே எடுத்து வைக்க வேண்டும் இல்லையா, அதைச் செய்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒரு பெண் இல்லை, இரண்டு பெண்கள் என்று உறைத்தது. உனக்கென்று நான் ஒரு கைக்குட்டைகூட எடுத்து வைத்ததில்லை. அன்றிலிருந்து அலமாரியின் கீழ்த்தட்டில் உன் சீரும் சேர்கிறது.

அதில் முதலில் சேர வேண்டியது உள்ளாடைகள்தான். வசந்தத்தில் நான் அனுப்பியவற்றைப் பற்றி, "அம்மா, முதுகுல சரியா இருக்கு, முன்னாலதான் ரெண்டு காலிக் கிண்ணத்தைக் கவுத்து வச்ச மாதிரி இருக்கு. அந்த நிறம் வேற ஆஸ்பத்திரியில குடுக்கிற மாதிரி. கொஞ்சம் அழகா ஒண்ணும் கிடையாதா?" என்று எழுதியிருந்தாய். படித்துச் சிரித்தேன், பிறகு வெட்டுமேஜை முன்னால் வெகுநேரம் நின்றேன். எங்கள் அளவுப் பட்டியலில் முதுகு அகலமானால் கப்பும் கூடவே பெரிதாகிக்கொண்டே போகும். கல்லூரியில் படித்த நாளிலிருந்து அந்தப் பட்டியலை வைத்துத்தான் வெட்டுகிறேன். அதைப் போட்டவர்கள் யாரும் உன்னைப் போல ஒரு பெண்ணை மனதில் வைத்துப் போடவில்லை. அதனால் பட்டியலை மடித்து வைத்துவிட்டு வெறும் தாளில் புதிதாக வரைந்தேன். முதுகுப் பட்டை அகலமாக, கப் ஆழம் குறைவாக, இரண்டு கப்புக்கும் நடுவில் வரும் துண்டு வழக்கத்தைவிட அகலமாக. கம்பி வேண்டவே வேண்டாம். மாத்திரை எடுக்கத் தொடங்கியதிலிருந்து தொட்டாலே வலிக்கிறது என்றாயே, அதற்குக் கம்பி எதிரி. தோள்பட்டைக்கு மெத்தென்ற அகல நாடா. கீழே போடுவதற்கு இடுப்பு உயரமாக ஏறி வரும்படி, முன்னால் மட்டும் அழுத்தமான பருத்தி இரண்டு மடிப்பு, கால்களுக்கு நடுவில் வரும் துணி வழக்கத்தைவிட அகலம், பக்கவாட்டில் லேசான சுருக்கம், இடுப்புக்குக் கொஞ்சம் வளைவு கிடைக்கும்.

பக்கத்து மேஜையில் வெட்டிக்கொண்டிருந்த கலிபா அந்தத் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன ஜூரா அக்கா, குதிரைக்கா தைக்கிறீங்க? முதுகு இந்தா அகலம், முன்னால இத்துனூண்டு!" என்றாள். என் மகளுக்கு என்றேன். "சைகலுக்கா? அவ குச்சியாட்டம் இருப்பாளே!" என்றாள். மூத்தவளுக்கு என்றேன். உன்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அப்புறம், "மூத்தவளுக்குன்னா லேஸ் நல்லதாப் போடுங்க. அந்தச் சந்தைச் சரக்கை வச்சுத் தச்சு அனுப்பி அவ மானத்தை வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் பெட்டியிலிருந்து ஒரு சுருள் லேஸை எடுத்து என் பக்கம் தள்ளினாள். புளிப்புச் செர்ரி நிறம். உன் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும்.

ஆனால் இன்னும் வெட்டவில்லை. நீ இரண்டு முறை அளவு அனுப்பினாய், இரண்டும் வேறு வேறு. யார் அளந்தது என்று கேட்டதற்கு, "நானேதான்மா, கண்ணாடி முன்னாடி நின்னு" என்றாய். தனியாக அளந்தால் டேப் முதுகில் சரிந்துவிடும், கையைத் தூக்கினால் விலா விரிந்துகொள்ளும், அளவு தப்பத்தான் செய்யும். இது தொழிலில் யாருக்கும் தெரிந்த விஷயம்தான். எனக்கு ஆறாதது வேறு. அத்தனை பெரிய ஊரில் உன் முதுகுப் பக்கம் நின்று டேப்பைப் பிடிக்க ஒரு கை இல்லையே. அன்று சாயங்காலம் கூடத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை.

இதை உன்னிடம் நேரில் சொல்லத் தைரியம் வருமோ வராதோ, எழுதிவிடுகிறேன். கீழே தெரியாமல் அடக்கி வைக்க அந்தப் பிளாஸ்திரியை ஒட்டுவதை விட்டுவிடு. புண் வந்த இடத்திலேயே மறுபடி ஒட்டினால் தோல் என்ன ஆகும்? கடையில் விற்கிற இறுக்கமான நைலான் வேண்டாம், வேர்வை உள்ளேயே நிற்கும். நான் தைத்துத் தருவதையும் நாள் முழுவதும் போட்டிருக்காதே, வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடு, தூங்கும்போது கட்டாயம் வேண்டாம். வலித்தாலோ மரத்துப்போனாலோ உடனே தளர்த்து, அழகு காத்திருக்கும். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று பேக்கரியில் தண்ணீரே குடிக்காமல் நிற்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். அடுப்பு முன்னால் வேலை செய்கிறவள் தண்ணீர் குடிக்காமல் இருக்கலாமா?

இனி, நீ கல்யாணத்துக்கு வருகிறேன் என்று எழுதியதைப் பற்றி. நெஞ்சை அழுத்தும் உள்பனியனைப் போட்டுக்கொண்டு, முடியைப் பின்னால் கட்டி, அந்தப் பழைய கோட்டு சூட்டில் ஒரு வாரம் அண்ணனாக இருந்துவிட்டுப் போகிறேன், யாருக்கும் தெரியாது, உன்னைப் பார்த்தால் போதும் என்றாய். படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. என் பிள்ளை வாசலில் வந்து நிற்கும் என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. சீர்ப்பெட்டியின் மேல் பெண் வீட்டு மூத்த பையன்தான் உட்கார வேண்டும், அவனுக்குக் கையில் பணம் கொடுத்துத்தான் எழுப்புவோம் என்று மாப்பிள்ளை வீட்டாரும் இரண்டு தரம் சொல்லிவிட்டார்கள். கோட்டை எடுத்து வெயிலில் போட்டேன், தேய்த்தேன், தொழில் பழக்கத்தில் மேஜையில் விரித்து அளந்தும் பார்த்தேன். நீ அனுப்பிய இரண்டு அளவில் சின்னதை எடுத்துக்கொண்டாலும், அந்தக் கோட்டின் பொத்தான் மாட்ட வேண்டுமானால் உன்னை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. மூச்சு பாதிதான் போகும். அப்படி ஒரு வாரம். தொட்டாலே வலிக்கிற உடம்பை நசுக்கிக்கொண்டு நீ பந்தியில் சிரிப்பாய், நான் எதிரே உட்கார்ந்து அதைப் பார்ப்பேன்.

வேண்டாம் மகளே. அப்படி வராதே. நீ நீயாகவே வா என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இந்த ஊரை எனக்குத் தெரியும், மாப்பிள்ளையின் மாமன்மார்களையும் இப்போது தெரிகிறது, உன் பாஸ்போர்ட்டில் இன்னும் இருக்கிற பழைய பெயரும் உன்னைக் காட்டிக்கொடுக்கும். உன்னை ஆபத்தில் நிறுத்திவைத்துக் கண்குளிரப் பார்க்க எனக்கு மனமில்லை. சைகலிடம் சொன்னேன். கொஞ்சம் அழுதாள், பிறகு, "அக்கா இல்லேன்னா பெட்டி மேல ஒருத்தரும் உக்கார வேணாம். அது பாட்டுக்குப் போகட்டும். கேட்டா, எங்க வீட்டு வழக்கம் அப்படித்தான்னு சொல்லு" என்றாள். அப்படியே சொல்லப்போகிறேன்.

அதனால் நான் வருகிறேன். லேஸும் துணியும் எடுக்க இலையுதிர் காலத்தில் கூடத்திலிருந்து ஒருவர் இஸ்தான்புல் போவது உனக்குத் தெரியும், வழக்கமாகக் கலிபா போவாள். இந்த முறை எனக்கு விட்டுக்கொடு என்று கேட்டேன். "போங்க, போங்க. ஆனா எடுத்த துணிக்குச் சாயம் போச்சுன்னா உங்களைத்தான் துவைப்பேன்" என்றாள். நவம்பர் முதல் வாரம். நீயும் பேக்கரியில் விடுப்புச் சொல்லிவிட்டு அங்கே வந்துவிடு. அப்பாவிடமும் சொன்னேன். "எனக்கு லாரி இருக்கு, வர முடியாது" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி, "மூத்ததுக்கு முலாம்பழ வத்தல் பிடிக்குமே, பிளேன்ல விடுவானா?" என்று கேட்டார். விடுவான் என்றேன்.

வீட்டில் எல்லாரும் கையேந்தி, முகத்தைத் தடவி, உனக்காக வேண்டிக்கொள்கிறோம். உன் உடம்பு உனக்கு இடம் கொடுக்கட்டும், போகிற பாதையில் நல்லவர்கள் எதிர்ப்படட்டும், உன் பெயரைச் சொல்லி உன்னை அன்பாகக் கூப்பிடுகிறவர்கள் பெருகட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் அம்மாவே கண்டுபிடிக்கட்டும் என்று சும்மா நின்றுவிடாதே. முகம் எனக்குத் தெரியும். ஆனால் தூரத்தில் வருகிற ஆளை நாம் நடையைப் பார்த்துத்தான் அடையாளம் காண்கிறோம், உன் நடை இப்போது எப்படி என்று எனக்குத் தெரியாது. பழைய நடையைத் தேடிக்கொண்டே உன்னைத் தாண்டிப் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கூச்சப்படாமல், யார் திரும்பிப் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று, சத்தமாக அம்மா என்று கூப்பிடு.

உன்னைக் காண ஏங்கும்
அம்மா ஜூரா