முதுகுவலிக்குக் கிடைத்த பதில்

சனிக்கிழமை, இரவு

போரில் ஊனமான ராணுவத்தினரின் மனைவிகளுக்கு இன்று திண்டிவனத்தில் வாழ்க்கைத் திறன் பயிற்சி. அம்மாவோடு நானும் போனேன். குறிப்பெடுக்கப் புது நோட்டு வேறு கொண்டுபோனேன். என் புத்தியை என்ன சொல்வது.

அம்மா ஒரே ஒரு கேள்விக்காகத்தான் போனாள். குண்டடி பட்டதிலிருந்து அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. தினமும் அவள்தான் தூக்குகிறாள். இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று அவள் முதுகைப் பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார்.

மதியம் வரை பயிற்சி மேடம் எல்லோரையும் பலூன் ஊதி, அதில் கவலையை அடைத்து, உடைக்கச் சொன்னார். உடைத்த பிறகு அம்மா எழுந்து கேட்டாள்.

“மேடம், முதுகு புடிச்சிக்காம அவரத் தூக்குறது எப்படிங்க?”

“மனசுல பாரமா நினைக்காதீங்க சிஸ்டர். சிரிச்சிக்கிட்டே தூக்குங்க, வெயிட்டே தெரியாது.”

அதற்குக் கைதட்டல் வேறு. தன் கைப்பையையே உதவியாளரைத் தூக்க வைக்கிறவர் அவர்.

விழுப்புரத்தில் வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: “முதுகுக்கு இன்னா சொன்னாங்க?”

“சிரிச்சிக்கினே தூக்கணுமாம்.”

“அப்ப சிரி, பார்க்கலாம்.”

நாற்காலியிலிருந்து அவரைத் தூக்கும்போது அம்மா பல்லை இளித்தாள். அவரும் இளித்தார். பாதியில் இருவருக்கும் நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அப்பாவை விடாமல் அப்படியே நின்றாள். நான் ஓடிப்போய்த் தாங்கினேன்.

இப்போது அம்மா குப்புறப் படுத்திருக்கிறாள். காலையில் அவரை யார் தூக்குவது?