ஒரு ஆட்டம் லீவு

மைனி,

மூன்று நாளாக மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. சும்மா இருந்தால் எனக்குக் கை அரிக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே. பரணில் ஏறி ஒதுக்க ஆரம்பித்தேன். குடைக்கம்பி, ஓட்டைச் சருவம், அதற்கும் அடியில் ஒரு துணிப்பொட்டலம். பிரிப்பதற்கு முன்பே மூக்கு கண்டுபிடித்துவிட்டது. புகை போட்ட ரப்பர் ஷீட்டின் வாடை. நம்முடைய கம்ப்யூட்டர் விளையாட்டுக் குச்சி.

அதன் கழுத்து உடைந்தபோது ஷீட்டை நாடாவாகக் கீறி நான்தான் இறுக்கிச் சுற்றினேன். அதற்கு முன்னால் நாகர்கோவிலில் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒருத்தனுக்கும் அது என்னவென்றே தெரியவில்லை. ஒரு கடைக்காரன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மிக்சியில் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டான். நீங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் என்னை விட்டுவிட்டு வெளியே ஓடினீர்கள். இப்போது இழுத்துப் பார்த்தேன், நாடா இன்னும் இளகவில்லை. என் கைவேலை அப்படி.

நீங்கள் குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தது இரண்டாயிரத்து நாலில். பெட்டி பிரிக்கிற அன்று எஸ்டேட் கோட்டர்ஸ் முழுவதும் நம் முற்றத்தில்தான் நின்றது. கம்பளி வந்தது, சோப்பு வந்தது, பால்பொடி வந்தது. தங்கம் வரும் என்று உங்கள் வீட்டுக்காரர், அதுதான் என் அண்ணன், கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். வந்தது மஞ்சள் பாய்ந்த ஒரு பழைய கம்ப்யூட்டர். எழுத்துப் பலகையும் கம்ப்யூட்டரும் ஒன்றாகவே இருக்கும், டிவியில் சொருகினால் ஓடும். கூடவே இந்தக் குச்சியும், ஆட்டம் பதிந்திருந்த, உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரத் தட்டும். இது டைப் அடிக்கிற மிசினா என்று அண்ணன் கேட்டார். அவர் முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்கும்.

நீங்கள் வேலை பார்த்த வீட்டுப் பையன் சிறுவயதில் ஆடியது. வளர்ந்ததும் குப்பையில் போட எடுத்திருக்கிறான். நீங்கள் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். எதற்கு என்று அன்றைக்கு எல்லாரும் கேட்டார்கள். என்னிடம் மட்டும்தான் சொன்னீர்கள்: "பதினோரு வருசம் அடுக்களை வாசல்ல நின்னு அதுக்க சத்தத்தை மட்டும் கேட்டேன்டி. அவங்க ஆட, நான் பாத்திரம் தேய்க்க. ஒரு நாளாவது நான் ஆடணும்."

ஆடினோமே! இந்த மலையில் மழைக்கா பஞ்சம்? வெட்டு இல்லாத நாளெல்லாம் நமக்கு ஆட்ட நாள்தான். திரையில் இரும்புத் தரை, இரும்புப் பந்து. அந்தப் பக்கம் ஒன்பது பேய், இந்தப் பக்கம் நம்முடைய ஒன்பது பேய். கொம்பு வைத்தவன், எலும்பாகவே நடக்கிறவன், பல்லி மூஞ்சிக்காரன். பந்தை எதிராளியின் வாசலுக்குள் போட வேண்டும், சட்டம் அவ்வளவுதான். குத்தலாம், மிதிக்கலாம், விழுந்தவன் மேல் ஏறிக் குதிக்கலாம். அடிபட்டவனை ஸ்ட்ரெச்சர் வந்து தூக்கிப் போகும். ஆட்டம் முடிந்ததும் பெயர்ப் பட்டியல் வரும். பெயருக்கு நேரே கட்டுப்போட்ட கை இருந்தால் ஒரு ஆட்டம் ஓய்வு. மண்டையோடு இருந்தால் ஆள் போனது போனதுதான். தட்டில் பதிந்துவிடும், திரும்ப வராது.

ஆளுக்கு நாமே பெயர் வைக்கலாம் என்று நீங்கள் கண்டுபிடித்தது பெரிய வினையாகிவிட்டது. நான் அஞ்சாம் கிளாஸோடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்து எனக்கு மாட்டுக்குப் போட்ட சூடு மாதிரிதான், பார்த்து அடையாளம் சொல்வேன். நீங்கள் தட்டித் தட்டி எஸ்டேட் முழுவதையும் உள்ளே ஏற்றினீர்கள். சூப்பர்வைசர், பஸ் கண்டக்டர், அண்ணன், என் வீட்டுக்காரர். வெளியே நம்மை ஓடு ஓடு என்று விரட்டுகிற சூப்பர்வைசரை அங்கே நாம் விரட்டினோம். பல்லி மூஞ்சிக்காரனுக்கு என் பெயரை வைத்தீர்கள், நாக்கு நீளம் என்று. இருப்பதிலேயே பெரிய வயிறும் இரண்டு கொம்பும் உள்ளவனுக்கு நான் மைனி என்று வைக்கச் சொன்னேன். கோபப்படுவீர்கள் என்று பார்த்தால், கொம்பு அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டீர்கள்.

ஒரு மத்தியானம் எலும்புக்காரன் அடித்த அடியில் நம் சூப்பர்வைசருக்கு மண்டையோடு விழுந்தது. நீங்கள் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, நம்ம சூப்பர்வைசர் போயிட்டாரே, மண்டை உடைஞ்சு போயிட்டாரே" என்று ராகம் போட்டு அழுதீர்கள். அடுத்த வீட்டுத் தங்கம் கொடித்துணி எடுக்க வந்தவள் அதைக் கேட்டாள். அவள் கண்டக்டரிடம் சொல்ல, கண்டக்டர் வண்டியை நிறுத்திப் பூ வாங்க, நாலு பேர் மாலையோடு சூப்பர்வைசர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கதவைத் திறந்தது அவரேதான். கையில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும்.

மறுநாள் பால் அளக்கிற இடத்தில் நம்மைக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். நீங்கள் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னீர்கள். அவர் பால் வாளியைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "சாவுறதுக்கு முன்ன கோலு ஒண்ணாவது போட்டனா?"

"ரெண்டு" என்றீர்கள். பச்சைப் பொய். அந்த மனிதர் அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்தியே நடந்தார்.

அதிலிருந்து தங்கத்துக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. நம் வீட்டிலிருந்து யாருக்காவது என்னவாவது ஆயிற்று என்று கேட்டால், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே விசாரிப்பாள்: "பெட்டிக்குள்ளயா, வெளியயா?"

பிறகு உங்களுக்கு நோவு வந்தது. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன், அதற்குப் பிறகு மாதாமாதம் ஊசி. முடி போயிற்று. கொம்பு மட்டும்தான் பாக்கி என்று சொன்னேன், என் தலையில் குட்டினீர்கள். வாய்தான் சிரித்தது மைனி. உள்ளே எனக்குக் கிலி. வீட்டில் எல்லாரும் உங்களைக் கட்டிலில் ஏற்றிவிட்டார்கள். அடுப்பு கூடாது, கிணற்றடி கூடாது, கோயிலில் முன்வரிசை கூடாது, கூட்டத்தில் தொற்றிக்கொள்ளும். அண்ணன் தண்ணீரைக்கூட உங்கள் வாயில் வைத்துத்தான் கொடுத்தார்.

நானும் ஒன்று செய்தேன். நம் ஆட்டத்தில் முதல் பாதி உங்களுடையது, இரண்டாம் பாதி என்னுடையது. என் பாதி தொடங்கும்போது கொம்புக்காரனை வெளியே எடுத்து ஓரத்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவேன். ஊசி போட்ட களைப்பில் உங்களுக்குக் கண் சொருகும், கவனிக்கமாட்டீர்கள் என்று நினைத்தேன். பிறகு உங்கள் பாதியும் என் கைக்கே வந்தது. கொம்புக்காரன் களத்துக்குள் இறங்குவதே நின்றுபோயிற்று. மண்டையோடு விழுந்தால் அழிக்க முடியாதே. தட்டில் அப்படிப் பதிந்தால் வெளியிலும் பதிந்துவிடும் என்று என் மரமண்டையில் ஒரு எண்ணம்.

ஒரு நாள் கண்ணை மூடியபடியே கேட்டீர்கள்.

"ஏட்டி, நான் எங்க?"

"கட்டில்ல கிடக்கிய, வேற எங்க?"

"அதுல நான் எங்கன்னு கேட்டேன்."

மறந்துபோயிற்று என்று மழுப்பினேன். நாலு ஆட்டமாக மறக்கிறாயா என்று கேட்டீர்கள். எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். நான் உள்ளதைச் சொன்னேன், எனக்குப் பயம் என்று. அப்போது எழுந்து உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் சொன்னீர்கள்: "குவைத்துல வாசப்படியில நின்னேன். இங்க எல்லாருமா சேந்து கட்டில்ல ஏத்திட்டிய. நீயுமா என்னை ஓரத்துல உக்கார வைக்க? இறக்கு மக்கா. விழுந்தா விழுந்துட்டுப் போறேன்."

இறக்கினேன். கையெல்லாம் வியர்வை, ஷீட்டு நாடா இல்லாவிட்டால் குச்சி வழுக்கியிருக்கும். அப்போதும் கொம்புக்காரனைச் சுவர் ஓரமாகவே பதுங்கப் பதுங்கக் கொண்டுபோனேன். வாசல் நடுவில் இருக்கும்போது ஓரத்தில் என்ன தேடுகிறாய் என்று கேட்டீர்கள். சரி, வருவது வரட்டும் என்று நேராக விட்டேன். ஒருவனை முட்டினான், இரண்டாமவனை மிதித்தான், மூன்றாமவனைப் பந்தோடு சேர்த்து வாசலுக்குள் தள்ளினான். கோல். அந்த இடத்திலேயே பின்னாலிருந்து எலும்புக்காரன் ஓங்கிப் போட்டான். ஸ்ட்ரெச்சர் வந்தது.

ஆட்டம் முடிந்து பட்டியல் வரும்வரை நான் திரையைப் பார்க்கவே இல்லை. உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரை வெளிச்சத்தில் உங்கள் கண் வரிவரியாகக் கீழே இறங்குவது தெரிந்தது. பிறகு சிரித்தீர்கள். "கட்டுப்போட்ட கை. ஒரு ஆட்டம் லீவு, அவ்வளவுதான்."

அன்று நீங்களே அடுக்களைக்குப் போய்க் கட்டன்சாயா போட்டீர்கள். அண்ணன் தடுக்க வந்தார், நான் வாசலில் குறுக்கே நின்றுகொண்டேன். சீனி அள்ளிப் போட்டிருந்தீர்கள், பாயசம் மாதிரி இருந்தது. குறை சொல்லாமல் குடித்த ஒரே தடவை அதுதான்.

அடுத்த ஆட்டம் நடக்கவில்லை. இருபது நாள்தான் இருந்தீர்கள். அந்த இருபது நாளும் கட்டிலுக்குக் கட்டுப்படவில்லை. கிணற்றடிக்குப் போனீர்கள், கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்தீர்கள், சூப்பர்வைசரிடம் இன்னும் ஒரு கோல் சேர்த்து மூன்று என்று சொன்னீர்கள்.

நீங்கள் போன காலையில் நான் முற்றத்துக்கு வந்து, மைனி போயிட்டாங்க என்று சொன்னேன். தங்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "பெட்டிக்குள்ளயா, வெளியயா?"

அவள் திரும்பினாள், என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் சொன்னேன்.

"வெளிய."

கையிலிருந்த ஈரத்துணியோடு வேலியைத் தாண்டி ஓடி வந்தாள். அந்தத் துணியிலேயே என் முகத்தைத் துடைத்தாள். உங்களுக்காக முதலில் அழுதது அவள்தான் மைனி, நானல்ல. சூப்பர்வைசர் மாலையோடு வந்தார். இந்தத் தடவை சரியான வீட்டுக்கு.

அண்ணனுக்கு இப்போது கண் மங்கல், காலும் கொஞ்சம் இழுக்கிறது. பிள்ளைகள் அவரை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்கிறார்கள். நான்தான் பையைக் கையில் கொடுத்து மீன் வாங்க அனுப்புகிறேன். போன வாரம் சாளை வாங்கச் சொன்னால் எதையோ வாங்கி வந்தார், பாதி அழுகல். தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டினேன். மனுஷர் பதிலுக்குப் பதில் பேசினார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்கு அப்படிக் குரல் வந்தது.

கம்ப்யூட்டர் எப்போதோ ஓடாமல் போய்விட்டது. புது டிவியில் அதைச் சொருக இடமும் இல்லை. தட்டை மட்டும் விடவில்லை. ஈரம் பிடிக்காமல் இருக்க அன்றிலிருந்தே அரிசிப் பானைக்குள்தான் வைத்திருக்கிறேன். அரிசி தீரும்போதெல்லாம் அது மேலே வரும். துடைத்துப் புது அரிசிக்குள் புதைப்பேன். இன்று குச்சியையும் சேர்த்து வைத்தேன். தட்டுக்குள் நீங்கள் கட்டுப்போட்ட கையோடு இருக்கிறீர்கள். பட்டியலில்தான் இருக்கிறீர்கள்.

மேற்கே வானம் வெளுக்கிறது மைனி. நாளைக்கு வெட்டு இருக்கும். கத்தி தீட்டப் போகிறேன்.