புளியங்கொட்டை வகுப்பு

என் அருமை அண்ணே,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதாமல் இருந்தேன். துக்கத்தில் பேச்சு வராமல் கிடக்கிறாள் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். துக்கம் இல்லை அண்ணே, பயம். நேற்றோடு அது போய்விட்டது. நாலு பேர் படித்தால் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பத்து நாள் காலேஜ் பக்கம் வரக் கூடாது என்று பிரின்ஸிபால் என்னை அனுப்பிவிட்டார். வல்லத்திராக்கோட்டை வீட்டில், நீ பரீட்சைத் தாள் திருத்தும் பலகையில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். "பொம்பளப் புள்ளய அம்புட்டுத் தூரம் அனுப்பாதீங்கன்னு ஊரே சொல்லுச்சு. ஓ அண்ணன் கேட்டானா?" என்று ஆத்தா காலையிலிருந்து உன்னையும் சேர்த்துத் திட்டுகிறாள். ஆறு மாதமாக உன் பேச்சையே எடுக்காதவள். திட்டியாவது எடுத்தாளே.

உன் வகுப்பு நினைவிருக்கிறதா என்று உன்னையே கேட்கிறேன் பார். சரித்திர வகுப்பில் ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுப்பாய். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் கல்லில் தேய்த்த வெள்ளை. தேய்த்தது நான்தான், நம் கிணற்றடிக் கல்லில், விரல் நுனி எரிய எரிய. யாராவது ஒன்றைச் சொன்னால், அது நீயாகவே இருந்தாலும், கறுப்புப் பக்கம் மேலே தெரிய ஒரு கொட்டையை வைத்து "எப்படித் தெரியும்?" என்று கேட்கலாம். கேட்கப்பட்டவர் யார் பார்த்தது, யார் எழுதியது, தனக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்லியாக வேண்டும். வெள்ளைப் பக்கம் வைத்தால் "நான் சொன்னது தப்பு, மாற்றிக்கொள்கிறேன்" என்று அர்த்தம். வெள்ளையை வைக்கத்தான் நெஞ்சுரம் வேண்டும் என்பாய். மணி அடிக்கும்போது கையில் மூன்றும் மிச்சம் இருந்தால் வெளியே போக முடியாது, ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

பாடம் இங்கிலீஷில் நடந்தது, சண்டை தமிழில் நடந்தது. நம் படை வெற்றிகரமாகப் பின்வாங்கியது என்று யுத்தச் செய்தியை நீ வாசித்த அன்று ஆலங்குடி சின்னையா டக்கென்று கொட்டையை வைத்தானே. "பின்வாங்குனா அது எப்படி சார் வெற்றி? எதிராளி பத்திரிகையில என்ன போட்ருக்கான்?" என்றான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. அந்தப் பத்திரிகை நமக்குக் கிடைக்கலேங்கறதையும் நோட்டுல எழுதிக்கங்க" என்றாய்.

தினமும் மூன்று கொட்டையோடு கடைசிவரை உட்கார்ந்திருந்தது யார்? உன் தங்கைதான். அண்ணன் நடத்தும் வகுப்பில் தங்கை வாய் திறந்தால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சம்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாத கதை. உனக்குக் காய்ச்சல் கண்ட முதல் நாள். நீ வரவில்லை, மாற்று ஆளும் வரவில்லை. கையில் கொட்டை இருக்கிறது, ஒரு பக்கம் தேய்த்த கொட்டை. நம் ஊர்ப் பிள்ளைகள் கையில் அது இருந்தால் என்ன செய்வார்கள்? பெஞ்சின்மேல் சுண்ணாம்புக்கட்டியால் கட்டம் போட்டுத் தாயம் ஆடினோம். ஆம், ஆடினோம். நானும் நாலு கொட்டையைக் குலுக்கிப் போட்டேன். தாயம் விழுந்தது. ஓவென்று கத்தினோம். பியூன் கருப்பையா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நாலாம் நாள் வீட்டுக்கு மெமோ வந்தது. உன் வகுப்பில் சூதாட்டம் நடக்கிறது, விளக்கம் கொடு என்று. படித்துவிட்டு அந்தக் காய்ச்சலிலும் சிரித்தாய். "கேள்வி கேக்குற கொட்டையப் பாத்துத் தாயக்கட்டன்னு நெனச்சுட்டாங்க" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "யாரும் ஆடலையில்ல?" என்றாய்.

"இல்ல அண்ணே" என்றேன்.

ஊரில் உள்ள அத்தனை பேரிடமும் எப்படித் தெரியும் என்று கேட்டவன், என்னிடம் மட்டும் ஏன் அண்ணே கேட்கவில்லை? "என் வகுப்பில் ஒருபோதும் யாரும் ஆடியதில்லை" என்று நீ சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். படுத்தபடியே நீ கையெழுத்துப் போட்டாய். டைபாய்டு என்று டாக்டர் சொன்னது அதற்கு மறுநாள். பிறகு நீ எழுந்திருக்கவே இல்லை.

போன வாரம் பிள்ளைகள் உனக்கு ஓர் இரங்கல் கூட்டம் வைக்க அனுமதி கேட்டார்கள். பிரின்ஸிபால் மறுத்துவிட்டார். நேற்று அவரே வகுப்புக்கு வந்து காரணம் சொன்னார். "சூதாட விட்டதோட இல்ல, ஆடவே இல்லன்னு பொய்யா எழுதியும் குடுத்தவர். அவருக்கு எதுக்குக் கூட்டம்?"

பொய். உன் பேருக்குப் பக்கத்தில் அந்த வார்த்தை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த மூன்று கொட்டைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன். கறுப்புப் பக்கம் மேலே தெரிய அவர் மேசையில் வைத்தேன். "அவர் பொய் சொன்னார்னு உங்களுக்கு எப்படித் தெரியுங்க சார்?"

அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். "கருப்பையா கண்ணால பாத்துருக்கான். வேற என்ன வேணும்?" என்றார்.

அப்போது பின் பெஞ்சிலிருந்து சின்னையா எழுந்தான். யார் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுகிறவன், இப்போதும் எனக்கு எதிராகத்தான் ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். "கருப்பையா பாத்தாருங்க. என்ன பாத்தாருன்னு அவர யாராச்சும் கேட்டீங்களா சார்?" என்றான்.

வாசலில் நின்ற கருப்பையாவைப் பிரின்ஸிபால் கூப்பிட்டார். "புள்ளைக ஆடுனாங்கய்யா. வாத்தியார் இல்லீங்க, நாக்காலி காலியாக் கெடந்துச்சு" என்றார் அவர். "அத ஏன்யா அப்பவே சொல்லல?" என்று பிரின்ஸிபால் அதட்ட, "யாரும் கேக்கலீங்களே" என்றார்.

அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்கலாம். பாதி வழி வந்தாகிவிட்டது. ஆனால் பொய் என்ற வார்த்தை இன்னும் உன்மேல்தானே இருந்தது? இரண்டாவது கொட்டையை எடுத்து வெள்ளைப் பக்கம் மேலே தெரிய வைத்தேன். "ஆடுனவங்கள்ல நானும் ஒருத்தி சார். எங்க அண்ணன் கேட்டப்ப இல்லேன்னு சொன்னதும் நான்தான். அவர் என்னைய நம்பி எழுதுனாரு. அந்தப் பொய் என்னோடது" என்றேன்.

பிரின்ஸிபால் மேசையில் கிடந்த இரண்டு கொட்டைகளையும் பார்த்தார். பிறகு உன் விளக்கக் கடிதத்தை ஆபீஸிலிருந்து வரவழைத்து, அதன்மேல் பொய் என்று தான் எழுதியிருந்ததை என் கண்ணெதிரே அடித்தார். அதற்காக அவரைக் கும்பிட்டேன். அடுத்து ஒரு தாளை நீட்டினார். ஆடியது தவறு, இந்தக் கொட்டை முறையே தவறு, இனி வகுப்பில் கேள்வி எழுப்ப மாட்டேன் என்று நான் எழுதித் தர வேண்டுமாம்.

"ஆடுனதுக்கு எழுதித் தாரேன் சார். கேட்டதுக்கு எழுத மாட்டேன்" என்றேன். அதற்குத்தான் இந்தப் பத்து நாள்.

உன் இடத்துக்கு வந்த புதியவர் நோட்ஸ் சொல்கிறார், நாங்கள் எழுதுகிறோம். அடுத்த வகுப்புச் சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி. இதுதான் நல்ல வகுப்பு என்கிறார்கள். இருக்கட்டும். நேற்று நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது சின்னையா வாசலில் நின்றான். "அழகம்மா, நீங்க சொன்னதுல ஒரு எடம் இடிக்குது. அன்னைக்கு மொதல்ல கட்டம் போட்டது நான். அத நானும் சொல்லணும்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் பிரின்ஸிபால் அறைப் பக்கம் நடந்தான். உள்ளே என்ன நடந்ததென்று இன்னும் தெரியவில்லை. உன் வகுப்பை மூட முடியாது அண்ணே.

நீ இருக்கும்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் என்னை என்ன செய்திருப்பாய்? திட்டியிருப்பாயா? விளக்கத்தை மாற்றி எழுதச் சொல்லியிருப்பாயா? இதை இனி யாரிடம் கேட்பேன்?

இரண்டு கொட்டை போய்விட்டது, ஒன்று மிச்சம். பத்தாம் நாள் கழிந்ததும் நாம் சேர்ந்து போன, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் அதே பஸ்ஸில் தனியாக ஏறுவேன். அவர் அந்தத் தாளை மறுபடி நீட்டினால், அதன்மேல் கடைசிக் கொட்டையைக் கறுப்புப் பக்கம் மேலே தெரிய வைப்பேன். கேள்வி கேட்பது தவறு என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பேன். மறுபடி அனுப்பினால் மறுபடி போவேன். கொட்டைக்கா பஞ்சம், கிணற்றடிக் கல் இங்கேதானே கிடக்கிறது. இனி மணி அடிக்கும்போது என் கையில் ஒன்றுகூட மிச்சம் இருக்காது. உனக்குத் தருகிற வாக்கு இது.

ஒரே ஒரு முறை உன்னிடம் பொய் சொன்ன,
உன் தங்கச்சி
அழகம்மாள்