மெட்டிதான் கத்துகிறது

பெக்கோக் பக்கம்
1943, ஆகஸ்டு

(ஆபீசில் ஜப்பான் கணக்குப்படி 2603 என்று எழுதச் சொல்கிறார்கள். நான் எழுதமாட்டேன்.)

என் கணவர் சின்னத்தம்பி அவர்களுக்கு அங்கம்மா வணங்கி எழுதுவது. நானும் பிள்ளை செல்வராணியும் சுகம். புருஷன் பெயரைப் பெண்சாதி எழுதலாமா என்று பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சயாமில் எத்தனை ஆயிரம் பேர் ரயில் பாதை போடுகிறார்களோ, பெயரில்லாத கடிதம் யார் கையில் போய்ச் சேரும்? அதனால் எழுதிவிட்டேன்.

இதைக் கொண்டுவருகிற அய்யாவு அண்ணனையும் அடுத்த கூட்டத்தோடு பிடித்துவிட்டார்கள். அவர் கால்சட்டையின் இடுப்புப் பட்டிக்குள் வைத்துத் தைத்திருக்கிறேன். பிரித்த அந்தத் தையலைப் பாருங்கள். கைத்தையல் அல்ல, மெஷின் தையல். நம் மெஷின் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

உங்களைக் கொண்டுபோன பிறகு ஒரு நாள் காலைப் பெரட்டில் எங்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்ட பிறகு, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ராமச்சந்திரன் உத்தரவு வாசித்தார். பித்தளை, இரும்புச் சாமான், தையல் மெஷின் எல்லாவற்றையும் ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். மெஷின் எல்லாம் பட்டாளத்துக்கு உடுப்புத் தைக்கவாம். லயத்து வீடுகளில் மெஷின் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். கடைகளில் துணியே கிடையாது. கோணிச் சாக்கை வெட்டிப் பாவாடையும் கால்சட்டையும் தைத்துக் கொடுத்து, மரவள்ளியும் கீரையும் வாங்கித்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். அதைக் கொடுத்துவிட்டு நான் எதைக் கொண்டு பிள்ளையை வளர்ப்பது? ஆயர் ஈத்தாமில் சட்டிபானைக்காரன் ஒருவனுக்குக் கொடுத்து அரிசி வாங்கிவிட்டேன் என்று கிராணியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை என்பது அவர் மூக்குக் கண்ணாடியிலேயே தெரிந்தது.

பேச்சியம்மாளும் நானும் மெஷினை மேசையிலிருந்து கழற்றி, புகை போடாத பச்சை ரப்பர் ஷீட்டில் சுற்றி, ஓரங்களை ரப்பர் பால் விட்டு ஒட்டி, லயத்துக்குப் பின்னால் பழைய மரங்களுக்கு இடையில் புதைத்தோம். தண்ணீர் ஒரு சொட்டு இறங்காது. மேசையை உடைத்து அடுப்பெரித்தோம்.

அதன் பிறகுதான் ஜப்பான் பட்டாளத்துச் சார்ஜன் ஒருவன் இரும்பு தேடும் கோலோடு வந்தான். நீங்கள் அப்படி ஒன்றைப் பார்த்திருக்க மாட்டீர்கள். முதுகில் மாட்ட ஒரு பெட்டி. கையில் பிடிக்க ஒரு கோல். கோலின் முனையில் சின்ன முறம் போல வட்டத் தட்டு. காதில் மாட்ட இரண்டு குமிழ். மண்ணுக்குள் இருக்கும் இரும்பு அந்தக் குமிழில் கேட்கும். அதை வைத்திருந்த சிப்பாய்க்கு மலேரியா வந்து படுத்துவிட்டான். மற்ற சிப்பாய்கள் பிடித்தால், அவர்கள் பூட்சில் இருக்கும் ஆணிக்கே அது கத்துகிறது. வெறுங்காலோடு நடக்கிற, நல்ல காது உள்ள ஆள் வேண்டும். ஆண்களைத்தான் சயாமுக்கு அனுப்பியாயிற்றே. எங்களை வரிசையில் நிறுத்தி, தன் கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி அடியடியாகப் பின்னுக்குப் போனான். டிக் டிக் கேட்கிற வரை கையைத் தூக்கி வைத்திருக்கச் சொன்னான். எல்லாரும் கையை இறக்கிய பிறகும் நான் தூக்கிக்கொண்டு நின்றேன். புத்தி கெட்டவள், பரீட்சை என்றதும் ஜெயிக்கப் பார்த்தேன். “அடியே, ஒன் காத யாரு கேட்டா இப்ப?” என்று பேச்சியம்மாள் முதுகில் கிள்ளினாள்.

முதல் இரண்டு நாள் எனக்குக் கைதான் மரத்துப்போனது. தட்டைப் புல்லில் உரசினேன், வேரில் இடித்தேன், ஒவ்வொரு தடவையும் சார்ஜன் கத்தினான். பிறகு பிடிபட்டது. தட்டு மண்ணைத் தொடக்கூடாது, ஒரு சாணுக்கு மேலே போகவும் கூடாது. இடமும் வலமும் மெதுவாக வீசி முடித்த பிறகுதான் ஓர் அடி வைக்க வேண்டும். சும்மா இருக்கும்போது டின்னுக்குள் குளவி அடைபட்டதுபோல ஒரே ரீங்காரம். இரும்பு வந்தால் அது மெலிந்து, கொசு காதருகே வருவதுபோல மேலே ஏறும். அவன் இலைச்சருகுக்குள் ஆணி, கத்தி, தண்ணீர்க் குப்பி என்று ஒளித்து வைப்பான். ஆணி கண் சிமிட்டுவதுபோலக் கேட்கும். டின் நீளமாகக் கேட்கும். நான் மனசு வைத்தே கற்றுக்கொண்டேன். அதற்கு எது கேட்கும், எது கேட்காது என்று தெரியாமல் அதை ஏமாற்ற முடியாது அல்லவா?

தோட்டத்தில் இறங்கியதும் வேறொரு சங்கடம். நான் கால் எடுத்து வைக்கும்போதெல்லாம் அது கத்தியது. சார்ஜன் பல இடத்தில் தோண்டச் சொன்னான். மண்புழுதான் வந்தது. கடைசியில் என் காலைப் பார்த்தான். நீங்கள் போட்ட மெட்டி. வெள்ளிக்கும் அது கத்துமாம். கழற்றச் சொன்னான். முடியாது என்றேன். அறைந்தான். காதுக் குமிழ் தெறித்து விழுந்தது. அவன் ஓடிப்போய்க் குமிழைத்தான் துடைத்துப் பார்த்தான், என் காதை அல்ல. வேறு காது கிடைக்காததால், கோலோடு ஒரு மூங்கிலைக் கட்டி நீளமாக்கி, காலைப் பின்னாலேயே வைத்துக்கொள் என்று விட்டுவிட்டான். அன்றிலிருந்து எங்கே கத்தினாலும் எனக்கு ஒரு பதில் இருந்தது. பேச்சியம்மாள் புதைத்து வைத்த பித்தளைக் குடத்துக்கு மேலே, காலை முன்னே நீட்டிக்கொண்டு மெட்டி என்றேன். இன்னொருத்தி வீட்டுக் குத்துவிளக்குக்கு மேலேயும் மெட்டி. அவனுக்கு நான் எடுத்துக் கொடுத்ததெல்லாம் துருப்பிடித்த பால் டின்தான்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, கிராணி அவனைப் பழைய மரங்கள் பக்கம் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த இடத்துக்கு மேலே தட்டுப் போனதும் குமிழ் அலறியது. அதுவரை அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. காலை முன்னே வைத்து, மெட்டி என்றேன். சார்ஜன் குமிழைப் பிடுங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தான். இப்போதே கழற்று என்று கத்தியை உருவினான்.

நான் அந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கிராணியைப் பார்த்துச் சொன்னேன். “என் புருசன கொண்டுபோனது நீங்க. அவரு செத்துட்டாருன்னு நீங்களே இன்னும் சொல்லல. அது வரைக்கும் இது கழறாது. வேணும்னா வெரலோட வெட்டிக்கச் சொல்லுங்க. சொல்லுங்க கிராணியாரே, ஒண்ணு விடாம சொல்லுங்க.”

அவர் ஜப்பான் பாஷையில் ரொம்பக் கொஞ்சமாகத்தான் சொன்னார். சார்ஜன் கோலையும் குமிழையும் அவரிடம் கொடுத்து, சப்பாத்தைக் கழற்றச் சொன்னான். கிராணியார் வெறுங்காலோடு மண்ணில் நின்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நெருப்பில் நடப்பதுபோல வந்தார். தட்டை என் காலருகே கொண்டுவந்தார். பிறகு என் காலை விட்டு விலக்கி, முதுகுப் பக்கம் கொண்டுபோனார். அங்கே மெட்டி ஏது? அலறல் நிற்கவில்லை. தள்ளி நின்ற சார்ஜனுக்குக் கேட்காவிட்டாலும், குமிழுக்கு வெளியே என் காதுக்குக் கேட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். கெஞ்சவில்லை. சும்மா பார்த்தேன்.

“மெட்டி” என்றார் கிராணி. அந்த ஒரு தமிழ்ச் சொல் சார்ஜனுக்கும் பழகியிருந்தது. காறித் துப்பிவிட்டுப் போனான்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி சொர்ணம் ஒரு கிழிந்த கால்சட்டையும் மரவள்ளிக் கிழங்கும் கொண்டுவந்து வைத்தாள். “மெசின் தையலா இருந்தா நல்லா இருக்கும்னாங்க” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். சார்ஜன் தோட்டத்தை விட்டுப் போனதும் தைத்துக் கொடுத்தேன்.

சார்ஜன் இப்போது கோலோடு லாபிஸ் பக்கம் போயிருக்கிறான். மெஷின் வெளியே வந்துவிட்டது. நான் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைக்கும்போது பேச்சியம்மாள் வாசலில் உரலில் மரவள்ளி இடிப்பாள், சத்தம் வெளியே போகாது. அவன் லாபிசுக்கு என்னைக் கூப்பிட்டாலும் போவேன். அங்கேயும் மெட்டி கத்தும்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. உங்களோடு போன கூட்டத்தில் காலராவில் பாதிப் பேர் போய்விட்டார்கள் என்று இங்கே பேச்சு. பேர் ஒன்றும் வரவில்லை, பேச்சுதான் வந்தது. அதைக் கேட்டே இரண்டாம் லயத்துக் கருப்பாயி பொட்டை அழித்துவிட்டாள். என்னையும் உட்காரவைத்து அழச் சொன்னார்கள். வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

உங்களுக்கும் ஒரு கால்சட்டை வெட்டி வைத்திருக்கிறேன். நல்ல சாக்கு, துவைத்துத் துவைத்து மெதுவாக்கியது. இடுப்பு அளவு தெரியாமல் தைக்காமல் கிடக்கிறது. பழைய அளவு இப்போது சரியாக இருக்காது என்று எனக்குத் தெரியும். எவ்வளவு சின்னதானாலும் பரவாயில்லை, பிடித்துத் தைத்துக்கொள்வேன். நீங்கள் கடிதம் எழுத வேண்டாம், ஆபத்து. ஒரு கயிற்றை இடுப்பில் சுற்றி, அளவுக்கு முடிச்சுப் போட்டு, இந்தப் பக்கம் வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். கயிறு போதும்.

முனியாண்டி உங்களுக்குக் காவலாக நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அங்கம்மா