முதலில் அறிவிக்கப்பட வேண்டியவர்

9 மார்ச் 2025, ஞாயிறு

கடிகாரத்தை இன்று ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். போனது என் நித்திரை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில், டோர்வலில், விமானச் சாப்பாடு கட்டும் எங்கள் கொம்பனிக்கு ஒரு நிமிடமும் போகவில்லை.

எட்டு மணித்தியாலம் தட்டில் பாண், பட்டர், கரண்டி. தட்டில் பாண், பட்டர், கரண்டி. போன் லொக்கருக்குள். பக்கத்தில் அக்னெஸ் அக்கா வலது மணிக்கட்டில் பட்டி கட்டிக்கொண்டு நின்றார். அரசறிவியலில் பட்டம் எடுத்தவள் நான் என்று அவருக்கு மட்டும்தான் அங்கே தெரியும். "அதை ஏன் பிள்ளை படிச்சனீ?" என்று ஒருநாள் கேட்டார். நல்ல கேள்வி.

வீட்டுக்கு வந்தால் தங்கை ஆர்த்திகா சமையலறை மேசையில் இருந்தாள்.

"அக்கா, எனக்கு லத்வியா கிடைச்சிருக்கு."

ஏதோ புலமைப்பரிசில் கிடைத்த மாதிரி. இரண்டு வருடமாக வார இறுதியில் ராணுவத்தின் பகுதிநேரப் படைக்குப் போய் லொறி ஓட்டுகிறாள். கைச்செலவுக்குத்தான் என்று நான் நினைத்திருந்தேன். இது ஆரும் அனுப்பியதில்லை, லத்வியாவில் நிற்கும் கனடாப் படையோடு போகத் தானே பெயர் கொடுத்திருக்கிறாள். ஜூலையில் இருந்து ஜனவரி வரைக்கும்.

அப்பா கேட்டது ஒன்றுதான்: "அது ரஷ்யாவுக்குப் பக்கத்திலையோ?"

"ஓம் அப்பா. அதுக்குத்தான் போறம்."

இருபது வருடமாக உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர் எழும்பி, வீட்டுக் கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டார்.

11 மார்ச்

கடைசி வருடத்தில் இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். மூன்று போல்டிக் நாடுகளும் நேட்டோவில் சேர அமெரிக்கா எப்படி உதவியது என்பது பற்றி. நான் சொன்னது சுருக்கமாக இதுதான்: பெரிய நாட்டின் உதவி என்பது உள்ளே போகிற கட்டணத்துக்கு மரியாதையான பெயர். 1998இல் வாஷிங்டனில் ஒப்பந்தம் போட்டார்கள். கதவு திறந்திருக்கிறது என்றார்கள், எப்போது உள்ளே எடுப்போம் என்று சொல்லவில்லை. ஆயுதத்தை மாற்று, சட்டத்தை மாற்று என்றார்கள். 2003இல் லத்வியா தன் பிள்ளைகளை ஈராக்குக்கு அனுப்பியது. ஈராக் லத்வியாவுக்கு என்ன செய்தது? ஒன்றும் இல்லை. அடுத்த வருடம் கதவு திறந்தது.

அளவுக்கு மீறிய கசப்பு என்று பேராசிரியர் ஓரத்தில் எழுதி, சுமாரான புள்ளி போட்டார்.

இன்று ஆர்த்திகாவிடம் இதையெல்லாம் சொல்லப் போனேன். அவள் சிரித்தாள். "தெரியும். உன்ர கட்டுரைய நான் மூண்டு தரம் வாசிச்சனான்."

"வாசிச்சுமா போறாய்?"

"வாசிச்சதாலதான் போறன். தனிய நிக்கிற சின்னதுகளை ஆரும் விழுங்கிப் போடுவினம் எண்டு எழுதியிருக்கிறாய். பதினேழாம் பக்கம்."

எடுத்துப் பார்த்தேன். பதினேழாம் பக்கம்தான்.

29 மார்ச்

லத்வியா சேர்ந்து இன்றோடு இருபத்தொரு வருடம். ஆர்த்திகா பிறந்த வருடமும் அதுதான். அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

6 ஏப்ரல், ஞாயிறு

பேரின்பநாதன் மாமா வந்தார். அம்மாவின் தமையன். 2002இல் அப்பாவையும் அம்மாவையும் மூன்று வயது என்னையும் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்தது அவர்தான். அந்த நாளில் இருந்து எங்கள் வீட்டில் அவருக்கு 'இல்லை' கிடையாது. தமிழ்ச் சங்கத் தேர்தல் என்றால் எங்கள் வோட்டு அவருக்கு. அவர் வீட்டில் விசேஷம் என்றால் அம்மா முதல் நாளே போய்க் காய் வெட்ட வேண்டும். அவர் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை வரவில்லை.

"தங்கச்சி, உன்ர மகள் எங்கட சனத்துக்கே பெருமை. புத்தாண்டு விழாவில மேடையேத்தி பொன்னாடை போத்துறம். யூனிபோர்மோட வரட்டும். எலெக்சனுக்கு நிக்கிற ஆளும் வாறார்."

"உங்கட மகன் றஜிந்தனையும் அனுப்பலாமே மாமா. ரெண்டு பேருக்கும் சேத்துப் போத்தலாம்."

"அவன் பல் டொக்டருக்குப் படிக்கிறான் பிள்ளை."

"லத்வியாவிலயும் பல் இருக்கும்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. மாமாவுக்குக் கோபம் வரவில்லை. வகுப்பு எடுக்கிற குரலில் சொன்னார்: "பெரிய ஆக்களோட நிண்டாத்தான் நாளைக்கு எங்கட கதையையும் கேப்பினம். லத்வியாக்காரர் எப்பிடி உள்ளுக்குப் போனவை? பெரியவன்ர கையப் பிடிச்சுத்தானே."

"ஓம் அத்தான்" என்றார் அப்பா.

மாமா போன பிறகு, ஒருவரும் கேட்காமலே, அப்பா சொன்னார். "எண்பத்தேழில இந்தியன் ஆமி எங்கட ஊருக்கு வரேக்க நானும் மாலை போட்டனான். பதினைஞ்சு வயசு. றோட்டு முழுக்கச் சனம்."

"சாப்பிடுங்கோ" என்றார் அம்மா. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல விடவில்லை. எங்களுக்குத் தெரியாததா?

13 ஏப்ரல்

தேர்தல் ஆட்களோடு யூனிபோர்மில் நிற்க ராணுவ விதி விடாதாம். ஆர்த்திகா மாமாவிடம் நேரேயே சொல்லிவிட்டாள். பொன்னாடை வேட்பாளருக்குப் போனது. இந்த வீட்டில் மாமாவுக்கு முதல்முதலாக 'இல்லை' சொன்னது அவள்தான். நான் இல்லை.

22 மே

இந்த வீட்டின் ஃபோர்ம் எல்லாம் நான்தான் நிரப்புவது. வரி, மருத்துவ அட்டை, வாடகை, எல்லாம். இன்று ஆர்த்திகா ஒன்றைக் கொண்டுவந்தாள். அவளுக்கு ஏதும் நடந்தால் முதலில் அறிவிக்கப்பட வேண்டியவர் யார் என்று கேட்டிருந்தது.

"உன்ர பேரைப் போடப் போறன்."

"அப்பா அம்மா இருக்கினம்."

"அம்மாவுக்கு ஆரும் பிரெஞ்சில போன் எடுத்தால் என்ன நடக்கும் எண்டு யோசி. அப்பா ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வைச்சிடுவார். நீ கேள்வி கேப்பாய்."

போடாதே என்றேன். என் பெயரை எழுதினால் நான் சம்மதித்த மாதிரி. பிறகு கத்தத் தொடங்கினேன். ஆரோ ரெண்டு பெரிய நாட்டுக்காரன் மேசையில இருந்து கோடு கீறுவான், அந்தக் கோட்டில நிக்க இந்தக் கோட்-டெ-நேஜ் அப்பார்ட்மென்டில இருந்து கோப்பை கழுவுறவன்ர பிள்ளை போகோணும். றஜிந்தன் பல்லுப் பிடுங்குவான். உனக்கு விளங்கேல்லையா, விளங்கியும் போறியா?

அவள் கத்தவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"ஊரில சனம் சாகேக்க எங்களுக்கு ஒருத்தரும் வரேல்ல எண்டு எத்தினை மே மாசம் நீ றோட்டில நிண்டு கத்தியிருக்கிறாய் அக்கா. எனக்கு அஞ்சு வயசில என்னையும் தோளில வைச்சுக்கொண்டு அப்பா நிண்டவர். இப்ப ஒரு இடத்துக்கு ஆரோ போகினம். ஏன் போறீங்கள் எண்டும் நீதான் கத்துறாய்."

பெரிய நாடு கணக்குப் பார்த்துத்தான் போகிறது என்பது சரி. அவள் கணக்குப் பார்க்கவில்லை என்பதும் சரி. இரண்டும் ஒரே லொறியில்தான் போகின்றன.

என் பெயரையும் நம்பரையும் நானே எழுதிக் கொடுத்தேன். அவளின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி.

5 ஜூலை

போய்விட்டாள். அம்மா பருத்தித்துறை வடை கட்டிக் கொடுத்தார். அப்பா பையைத் தூக்கப் போக, "நான் தூக்குவன் அப்பா" என்றாள். உண்மையிலேயே ஒற்றைக் கையால் தூக்கினாள்.

8 ஆகஸ்ட்

வேலை முடிந்து லொக்கரைத் திறந்தால் தெரியாத நீள நம்பரில் இருந்து மூன்று தவறிய அழைப்பு.

திருப்பி எடுத்தால் போகவில்லை. லொக்கர் அறை வாங்குப் பலகையில் இருந்தேன். இருபத்தாறு நிமிடம். அக்னெஸ் அக்கா பக்கத்தில் வந்து இருந்தார். பட்டி கட்டிய கையால் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நாலாம் தரம் அந்த நம்பர் வந்தது.

"அக்கா, தேயிலை அனுப்பு. பக்கத்துக் கட்டில்காரிக்கு எங்கட தேத்தண்ணி போட்டுக் காட்டோணும்."

ஏசினேன். பிறகு எத்தனை பைக்கற் வேண்டும் என்று கேட்டேன்.

20 ஆகஸ்ட்

வேலை நேரத்தில் போனை வைத்திருக்க விடுங்கள் என்று சூப்பர்வைசர் கான்யோனிடம் கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார்.

சரி. விதிதானே.

2 செப்டெம்பர்

அக்னெஸ் அக்காவிடம் பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் கொடுத்த கடிதம் இருக்கிறது. அதற்குப் பிறகும் கான்யோன் அவரைத் தட்டு வண்டி தள்ளப் போட்டிருக்கிறார், ஆறு தடவை. கடிதத்தைத் தான் காணவே இல்லை என்கிறார். அவர் கையில் அக்கா அதைக் கொடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். வேறு ஒருவரும் இல்லை.

பதினெட்டாம் திகதி தொழிற்சங்கக் கூட்டம். நிர்வாகமும் வருகிறது.

"நீ கதைச்சால் கேப்பாங்கள் பிள்ளை. எனக்குப் பிரெஞ்சு காதுக்குள்ள போகுது, வாயால வரமாட்டன் எண்டுது."

"நான் கதைக்கிறன் அக்கா. திகதியெல்லாம் எழுதி வைச்சிருக்கிறன்."

10 செப்டெம்பர்

கான்யோன் கூப்பிட்டார். கதிரை தந்தார். இந்த நாலு வருடத்தில் நான் கதிரையில் இருந்து அவரோடு பேசியது இதுதான் முதல் தடவை.

உன் தங்கை நம் எல்லோருக்காகவும் அங்கே நிற்கிறாள், யோசித்துப் பார்த்தேன் என்றார். பொருட்கள் வந்து இறங்கும் இடத்தில் ஒரு மேசை வேலை இருக்கிறதாம். அங்கே போன் வைத்திருக்கலாம். திங்கள் முதல் போகலாம்.

பிரெஞ்சில் நன்றி சொன்னேன். எழும்பினேன்.

பதினெட்டாம் திகதி கூட்டத்துக்கு வருகிறாயா என்று கேட்டார். ஓம் என்றேன். நல்லது, என்றார். மேசையில் இருக்கிறவர்களுக்குத் தட்டுப் பக்கத்தில் நடப்பது அவ்வளவாகத் தெரிய வராது, இல்லையா?

அவ்வளவுதான். மிரட்டவில்லை. குரலும் உயரவில்லை. கதவைக்கூட அவரே திறந்து பிடித்தார்.

இருபத்திரண்டு பக்கம் எழுதினவள் நான். அந்த அறையில் என்ன நடந்தது என்று எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

14 செப்டெம்பர்

ஆர்த்திகாவின் குரல் பதிவு. முகாமுக்குக் கிட்ட ஒரு பேக்கரி இருக்கிறதாம். நாங்கள் வந்தது உங்களுக்குச் சந்தோசமா என்று கடைக்காரியிடம் கேட்டாளாம்.

"நீங்கள் நிக்கிற வரைக்கும் எனக்கு நித்திரை வருது எண்டு சொன்னா அக்கா. ஏன் வந்தனீங்கள் எண்டு கேக்கிற வசதி எங்களுக்கு இல்லையாம்."

நாளைக்கு மேசைக்குப் போகிறேன்.

18 செப்டெம்பர், வியாழன்

கதைக்கவில்லை.

19 செப்டெம்பர்

நேற்று எழுத முடியவில்லை. நடந்தது இதுதான். தொழிற்சங்கத் தலைவர், யாராவது சாட்சி இருக்கிறார்களா என்று கேட்டார். அக்னெஸ் அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு எழும்ப நேரம் இருந்தது. திகதி எழுதிய தாள் ஒரு பொக்கெற்றுக்குள், போன் மற்றதுக்குள். நான் மேசையைப் பார்த்தேன். அடுத்த விசயத்துக்குப் போனார்கள்.

வெளியில் பஸ் தரிப்பில் அக்கா நின்றார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"தங்கச்சி எடுத்தவளோ?"

"ஓம் அக்கா. சுகமா இருக்கிறாள்."

"அது காணும்" என்றார். பஸ் வந்தது. அவர் ஏறினார். நான் அடுத்ததுக்கு நின்றேன்.

30 ஒக்டோபர்

அக்னெஸ் அக்கா வேலையை விட்டுவிட்டார். விட்டாரா, விட வைத்தார்களா? லவாலில் மகளோடு இருக்கப் போறாவாம். இதையும் வேறு ஆட்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

கட்டுரையைத் தேடி எடுத்தேன். ஈராக்குக்கு ஆள் அனுப்ப லத்வியாவில் எந்த அறையில், யார் ஓம் சொன்னார்கள், அவர்களுக்கு அன்றைக்கு நித்திரை வந்ததா என்று இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு வரி இல்லை. உதவி செய்தவனைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

17 ஜனவரி 2026

ஆர்த்திகா வந்துவிட்டாள். மெலிந்து, முகம் காய்ந்து. மாமா ஒரு பெரிய கேக் அனுப்பினார். அப்பா அவளின் பையைத் தூக்கினார், இந்தத் தரம் அவள் விட்டாள்.

சாப்பிடும்போது கேட்டாள்: "அக்னெஸ் அக்கா எப்பிடி? அண்டைக்கு லொக்கர் றூமில உனக்குப் பக்கத்தில இருந்தவ."

"லவாலுக்குப் போயிட்டா."

"கை சுகமோ?"

"தெரியாது."

நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சோற்றைப் பிசைந்தாள்.

3 பெப்ரவரி

போனை லொக்கரில் வை என்று கான்யோன் இன்னும் சொல்லவில்லை. தட்டுப் பக்கம் திரும்பிப் போகவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தொழிற்சங்கத்தின் மார்ச் கூட்டத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். நான் பெயர் எழுதவில்லை.

அக்னெஸ் அக்கா நின்ற இடத்தில் புதிதாக ஒரு பெண். ஹெயிட்டிக்காரி, இருபது வயது இருக்கும். இன்று இரண்டு தரம் தட்டை வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேசையில் இருந்து பார்த்தால் அந்த இடம் நன்றாகத் தெரிகிறது.