நீலச் சீட்டு

செப்டம்பர் 9, செவ்வாய்
மறுபடியும் கடைசி இடம். ஒவ்வொரு ஏலத்துக்கும் பிரேபன் ஏலச் சீட்டுப் பெட்டிக்குள் இடது கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை அசைவதில்லை, பேச்சும் இல்லை. பிரிட்ஜ் சீட்டாட்டத்துக்குப் பேச்சு எதற்கு? ஏலத்தில் வாயைத் திறக்கவே கூடாதே, எல்லாம் சீட்டால்தானே! அந்த ஒரு நம்பிக்கையில்தான் கணவரை இழுத்துக்கொண்டு போகிறேன்.

கோட் மாட்டும்போது கிளப்பை நடத்தும் ஃப்ளெமிங் வந்தான். "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம், பிர்தா. எல்லாரும் பொறுமையாத்தான் இருக்காங்க. ஆனா..."

அந்த "ஆனா" இருக்கிறதே!

செப்டம்பர் 12
பராமரிப்புத் தேவையை மதிப்பிட நகராட்சியிலிருந்து வந்த பெண் பிரேபன் முன்னால் கரண்டியையும் சாவியையும் வைத்து, "இதுல சாவி எது?" என்றாள். மனுஷன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாம சொல்றது எதுவும் அவருக்குப் புரியலைன்னு நினைக்கிறேன்" என்றாள், அவர் எதிரிலேயே. அவளை அறையலாம் போலிருந்தது. பராமரிப்பு இல்லத்தில் ஓர் அறை காலியாம்.

அவள் சொல்வது உண்மையாக இருந்தால்? பிரேபன், உள்ளே இருக்கிறீர்களா, இல்லையா? ஒரு தடவை காட்டக் கூடாதா?

செப்டம்பர் 18
குளியலறையில் விழுந்துவிட்டார். தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை நானும் அவரோடு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். என் முதுகு போய்விட்டது. அறை வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 22
கொண்டுபோய் விட்டாயிற்று. திரும்பிப் பார்க்காமல் வந்தேன். 

செப்டம்பர் 30, செவ்வாய்
எப்படி எழுதுவது இதை—

இல்லத்திலிருந்து அவரைக் கிளப்புக்கு அழைத்துப் போனேன். இதுதான் கடைசித் தடவை என்று மனதுக்குள் முடிவு. எங்களுக்கு எதிரே போடிலும் ஆகேயும். என்னிடம் கிளாவர் மூன்றே மூன்று. வேறு வழியில்லாமல் 'ஒரு கிளாவர்' என்று ஏலத்தைத் திறந்தேன். போடில் பாஸ். பிரேபனும் பாஸ், கையில் ஒன்றுமில்லை போல. ஆகே சிவப்புச் சீட்டை வைத்தான், டபுள். இஸ்பேடா, ஆர்ட்டினா, டைமனா, உன்னிடம் நல்ல ஜாதி எது, சொல் என்று போடிலைக் கேட்கிறான். நான் பாஸ். போடில் ஜாதி எதையும் சொல்லவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு பாஸ். கிளாவர் முழுக்க அவளிடம்தான்! எங்களை அந்த ஒரு கிளாவரிலேயே வைத்து நசுக்கப் போகிறாள்.

பிரேபனின் கை பெட்டிக்குள் போனது. வெளியே வந்தது நீலச் சீட்டு. ரீடபுள். தோற்றால் நட்டம் மறுபடி இரட்டிப்பு.

கல்யாணமான புதிதில் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. முதலில் பாஸ் சொன்னவர் இப்படி ரீடபுள் வைத்தால், 'மாட்டிக்கொண்டோம், இங்கிருந்து என்னை வெளியே கொண்டு போ, வேறு எந்த ஜாதியானாலும் சரி' என்று பொருள். ஆனால் கரண்டிக்கும் சாவிக்கும் வித்தியாசம் தெரியாதவருக்கு அதெல்லாம் எங்கே நினைவிருக்கும்? பாஸுக்கான பச்சைச் சீட்டுக்குப் பதில் நீலம் சிக்கியிருக்கும்.

"கை தவறி எடுத்திருந்தா இப்பவே மாத்திக்கலாம், பிரேபன்" என்றான் ஃப்ளெமிங்.

பிரேபன் சீட்டை விரலால் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். பார்ட்னர் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. நான் காபிக் குடுவையைப் பார்த்தேன். ஆகே பாஸ். நானும் பாஸ் வைத்தேன்.

ஆட்டம் என்னுடையது என்பதால் வழக்கப்படி பார்ட்னருடைய சீட்டுகளை மேஜையில் விரித்தார்கள். கிளாவர் ஒன்றே ஒன்று. இஸ்பேட் நாலு, ஆர்ட்டின் நாலு, டைமன் நாலு. எதைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்போம். ஆயிரத்து அறுநூறு புள்ளி போச்சு.

"அடக் கடவுளே, மனுஷன் சரியாத்தான் கேட்டிருக்காரு!" என்றாள் போடில்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "விடு பிர்தா, ஒரு ஆட்டம்தானே" என்றான் ஆகே. அட மடையா, ஆட்டத்துக்கா அழுகிறேன்? அவர் கேட்டார். நான் நம்பவில்லை. அதற்கப்புறம் அவரைக் கொண்டுபோய் அந்த இல்லத்திலேயே விட்டுவிட்டும் வந்திருக்கிறேன், பாவி.

அக்டோபர் 1
ஃப்ளெமிங்கிடம் ஒரு சீட்டுப் பெட்டி கேட்டு வாங்கிக்கொண்டு காலையிலேயே இல்லத்துக்குப் போனேன். அவருடைய உணவுத் தட்டை நகர்த்திவிட்டுப் பெட்டியை வைத்தேன். எதுவும் கேட்கவில்லை. 

துழாவவே இல்லை. நேராக நீலம்.

அவருடைய கோட்டைத் தேடி எடுத்தேன். "டாக்டர்கிட்ட பேசாம எப்படிங்க?" என்று பின்னாலேயே வந்தாள் தாதி. "பேசிக்கலாம். முதல்ல அந்த ஷூவை எடும்மா" என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்
மறுபடியும் கடைசி இடம். நான் டபுள் வைத்து ஜாதி கேட்கிறேன், பாஸ் சொல்கிறார்! காரில் கத்தித் தீர்த்துவிட்டேன். "அறிவிருக்கா உங்களுக்கு? ஜாதி கேட்டா பாஸ் சொல்லுவாங்களா?" மனுஷன் தோள் குலுங்கச் சிரிக்கிறார்.

முதுகு வலி உயிர் போகிறது. அவரைப் படுக்கவைக்க இப்போது ஃப்ளெமிங் வீட்டுக்கு வருவான்.