பஞ்சில்லாத விதைகள்

ஆல்டர் க்ரீக், கலிபோர்னியா
அக்டோபர், 1959

அன்புள்ள வெண்டெல் அண்ணாவுக்கு, அம்மாவின் ஆசியோடு லோர்னா எழுதுவது. நாங்கள் இருவரும் உன் பெண்குதிரை சிண்டரும் நலம், ஜெர்மனி ராணுவ முகாமின் குளிரில் உன் உடம்பு எப்படியோ என்பதுதான் அம்மாவின் ஓயாத கவலை. அவள் விரல்களெல்லாம் முள் குத்தி வீங்கியிருப்பதால் அவள் சொல்ல நான் எழுதுகிறேன். "உன் பாடப்புத்தகத்தை இதுல கொட்டாதடி" என்று முதலிலேயே எச்சரித்துவிட்டாள்.

நீ திரும்பி வரும்போது சிண்டர் மேயும் மேடு பச்சையாக இருக்கவேண்டும் என்று கேட்டிருந்தாய் அல்லவா, அதற்காக அம்மா எப்போதும்போல் முதல் மழைக்கு முன்னால் காய்ந்த புல் அடுக்கும் பரணைக் கூட்டி, அதில் உதிர்ந்த விதையை முற்றத்தில் தூற்றினாள். இந்த வருஷம் நம் புல் போதாமல் பள்ளத்தாக்கிலிருந்து கொஞ்சம் வாங்கியிருந்தோம். சாயங்கால வெயிலில் வெள்ளைப் பஞ்சு எழும்பி மெதுவாக மிதந்தது, எங்கேயோ பனி விழுவதைத் தூக்கத்தில் பார்ப்பதுபோல் இருந்தது, நாங்கள் இருவரும் வேலையை மறந்து நின்றுவிட்டோம். பஞ்செல்லாம் களை, கீழே கனமாய் நிற்பது நல்ல புல்விதை என்று அம்மா மூட்டை கட்டினாள். என் உள்ளங்கையில் ஒட்டியிருந்ததைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மங்கிய கறுப்பாகச் சில விதைகள், பஞ்சே இல்லை, அடியில் பக்கவாட்டில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம். பஞ்சு விதையிலும் அதே பள்ளம் இருந்தது. காய்ந்த முள்தலை ஒன்றைப் பிளந்தேன், நடுவில் பஞ்சு வைத்தவை, ஓரத்தில் வைக்காதவை, இரண்டும் ஒரே பூவின் பிள்ளைகள். மஞ்சள் முட்செடி, அண்ணா. பக்கத்துப் பண்ணை ஹாஸ்கின்ஸின் குதிரை வாரக்கணக்கில் தின்று வாய் இறுகி, தண்ணீர்த் தொட்டியருகில் பட்டினியாய்ச் செத்ததே, அதே செடி.

"பஞ்சுதான் பறந்துபோச்சே, இன்னும் என்னடி?" என்றாள் அம்மா. மலைப்பக்கம் மேகம் கறுத்திருந்தது, இன்று விதைக்காவிட்டால் மேடு அடுத்த வருஷமும் மொட்டைதான். பஞ்சில்லாத முள்விதை மூட்டைக்குள்ளேயே இருக்கிறது என்று நான் கண்ணாடியை அவள் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். "உங்க அண்ணன் கேட்டது இந்த ஒண்ணுதானே" என்று மட்டும் சொல்லிவிட்டு, மூட்டையை அடுப்பில் திணித்தாள். பிறகு வாங்கிய கட்டுகளைப் பிரித்து, இன்னும் விதை உதிராமலிருக்க முள்தலைகளைக் கையாலேயே பொறுக்கினாள், கையுறை போடச் சொன்னால் கேட்கவில்லை. சிண்டருக்கு இனி நம் வயல் புல் மட்டும்தான். மிதந்துபோன பஞ்சு முற்றத்தில் எங்கே இறங்கியதோ, முளைத்ததும் தவழ்ந்து தவழ்ந்து பிடுங்குவோம்.

மழை இப்போது பெய்கிறது, மேடு வெறுமையாய் நனைகிறது. அம்மா சன்னலைப் பார்த்தபடி சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "நல்லா இருய்யா. வேளைக்குச் சாப்பிடு, ஊருக்கு வண்டி ஏறுமுன்ன காலுறையத் திருப்பி உதறு, விதை ஏதும் ஒட்டியிருக்கும். நீ வர்றப்ப மேட்டுல பச்சை இருக்காது. சிண்டர் நிப்பா."

சொன்னது, உன் அம்மா அடலீன்
எழுதியது, தங்கை லோர்னா